மூத்திரப் பானைக்கடியில் ஜூபிடர்

அநியாயம் விபிதியாவுக்கு நடந்தது. ஆறு வருஷமாக நடந்தது. அதுவும் மனைவியருக்கான திருநாளில், ஜூனோ தேவியின் பேரைச் சொல்லி.

மார்ச் முதல் தேதி வந்தால் ரோமாபுரியில் புருஷன் பெண்டாட்டிக்காகப் பிரார்த்தித்து, பரிசும் தர வேண்டும். சலவைப் பட்டறைக்காரன் திரெபோனியஸும் தந்தான். ஒரே ஒரு வெள்ளிக் காசு. அதில் ஆட்டுத்தோல் போர்த்திய ஜூனோ.

"தேவி முகம் இருக்கு பாரு. செலவு பண்றது மகாபாவம். பூஜை மாடத்துல வை."

வைப்பாள். நாலு நாளில் காணாமல் போகும். "தேவி ஏத்துக்கிட்டா," என்பான். அடுத்த வருஷம் அதே ஜூனோ, மூக்கில் காசுக்கடைக்காரன் வெள்ளிதானா என்று உளியால் குத்திப் பார்த்த அதே தழும்போடு மறுபடி பரிசாக வருவாள். விபிதியா கேட்டதோ ஒரு ஜோடிச் செருப்பு.

இந்த வருஷமும் திரெபோனியஸ் மேலாடையை இழுத்துத் தலைக்கு முக்காடிட்டு, ராகம் போட்டுப் பிரார்த்தனையைத் தொடங்கினான். சாம்பிராணிப் புகை விலகியது. வாய் திறந்தபடியே நின்றது.

மாடம் முழுக்க வெள்ளிக் காசுகள். நாலு குதிரைத் தேரில் ஜூபிடர். கையில் அரிவாளோடு சனி தேவன். இறக்கை வைத்த தலைக்கவசத்தில் ரோமா. எல்லாம் துணி வெளுக்க ஊர் மூத்திரம் சேர்த்து வைக்கும் பானைக்கடியில் அவன் புதைத்த சேமிப்பு.

"நடுவுல நிறுத்தினா முதல்லேர்ந்து சொல்லணுங்க," என்றாள் விபிதியா.

"இதெல்லாம் எப்படி இங்கே?"

"பானையை நகர்த்தினேன். மயக்கமே வந்துடுச்சு. ஜூனோவைச் செலவு பண்ணக் கூடாதாம். அவ புருஷன் ஜூபிடர் மூத்திரத்துக்கடியில கிடக்கலாமாம்."

பலகாரத்தோடு வந்திருந்த பக்கத்து வீட்டுத் துர்பிலியா காதைப் பொத்திக்கொண்டாள். "ஊருக்கே ஆகாதே அண்ணே."

"அடியே, எடுத்துக் கொடு. மத்தியானத்துக்குள்ள பட்டறைக்குப் பேசி வச்ச கழுதையை வாங்கியாகணும். விட்டா எதிர்ப் பட்டறைக்காரன் ஓட்டிட்டுப் போயிடுவான்."

"சாமியைக் கொடுத்துக் கழுதையா? செலவு பண்ணலாம்னு உங்க வாயால சொல்லுங்க. துர்பிலியா கேட்கட்டும்."

திரெபோனியஸ் ஜூபிடரைப் பார்த்தான். ஜூபிடர் தேரை நிறுத்தவில்லை.

"பண்ணலாம்," என்றது முக்காடு.

விபிதியா அந்தக் குவியலிலிருந்து தழும்பு மூக்கு ஜூனோவை எடுத்தாள். பிறகு ரோமாவை, சனியை, இன்னும் மூன்று பேரை.

"உன்னோடது ஒண்ணுதானே?"

"ஆறு வருஷத்துப் பரிசு. ஒருத்தியையே ஆறு தடவை கூட்டிட்டு வந்தீங்க. வராத அஞ்சு பேர் இவங்க."

"அடிப்பாவி, மிச்சம் கழுதைக்குப் பத்தாதே."

விபிதியா காசுகளை முந்தியில் முடிந்துகொண்டாள். புருஷனை முக்காட்டிலிருந்து பாதம்வரை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள்.

"நம்ம வீட்டுக்கு இன்னொண்ணு எதுக்குங்க?"