என் வண்டி திக்காது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வண்டியை எந்த மெக்கானிக்கும் தொடக்கூடாது. என் மைத்துனர் தொடவே கூடாது. நடந்ததைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரிக்கலாம். அதற்காக என் பேச்சு மாறாது.

வண்டி என்றால் சும்மா வண்டி இல்லை. இரண்டே கதவு, டர்போ எஞ்சின், தரையோடு ஒட்டிய உடம்பு. ஏற்கெனவே ஒருவர் ஓட்டியதுதான், அதனால் என்ன? மனைவியின் அண்ணன், அதாவது மெக்கானிக்கான அந்த மைத்துனர், அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, இதை வாங்கினா வாரத்துக்கு ஒரு தடவை என்னைக் கூப்பிடுவீங்க" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே வாங்கினேன்.

என் மனைவிக்கும் நன்றாகக் கார் ஓட்டத் தெரியும். ஆனாலும் சாவியை அவள் கையில் கொடுத்ததில்லை. "இது பர்ஃபார்மன்ஸ் கார். இதுக்குன்னு ஒரு கால் வேணும்" என்று சொல்லிவிட்டேன். அவள் என் காலைப் பார்த்தாள். அதில் செருப்பு மாற்றிப் போட்டிருந்தேன்.

போன திங்கட்கிழமை சிக்னலில் பச்சை விழுந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தேன். வண்டி யோசித்தது. முழுசாக ஒரு நொடி யோசித்துவிட்டு, யாரோ கிள்ளியது போல் துள்ளிப் பாய்ந்தது. அந்த ஒரு நொடியில் ஒரு பால் வண்டியும் இரண்டு சைக்கிளும் என்னை முந்திப் போய்விட்டன. பால் வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து வேறு சிரித்தார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சியாளர். திக்குகிறவர்களைப் பேச வைப்பது அவள் வேலை. என்னைப் பேசவிடாமல் செய்வது அவள் பொழுதுபோக்கு.

"வண்டி திக்குதா?"

"என் வண்டி திக்காது. தயங்குது."

"எங்ககிட்ட வர்றவங்களும் அப்படித்தான் சொல்வாங்க. எப்பத்திலேருந்து?"

"இன்னைக்குக் காலையிலேருந்து."

"நேத்து என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலை. ஏர் ஃபில்டரைக் கழட்டித் துடைச்சு மாட்டினேன். மத்தபடி வண்டி மேல கையே வைக்கலை."

"ஓஹோ" என்றாள். "அண்ணனைக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிட்டுப் பாரு. நான் வீட்டை விட்டே..."

"வீட்டை விட்டு?"

"...கார் ஷெட்டுக்குப் போயிடுவேன்."

போனேன். ஸ்டியரிங்குக்கு அடியில் செருகினால் வண்டியின் நோயைச் சொல்லும் ஒரு சின்னக் கருவியை நண்பரிடம் வாங்கி வந்திருந்தேன். செருகினேன். எழுத்து ஓடியது. ஜன்னல் வழியாகக் குரல் வந்தது.

"என்ன சொல்லுது?"

"சென்சார் கோளாறு!"

"சென்சார் சினிமாவுக்குத்தானே?"

"இது வேற சென்சார். உள்ளே போற காத்தை அளக்கிறது."

"எந்த சென்சாரா இருந்தா என்ன? நடுவுல ஒரு நொடியை வெட்டிட்டான்ல?"

மேதைகள் வேலை நேரத்தில் பேசுவதில்லை. அந்தச் சென்சாரின் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். தயக்கம் பாதியாகக் குறைந்தது. பிடுங்கினால் நன்றாக ஓடுகிறது என்றால் அதுதானே குற்றவாளி? புதுசு வாங்கி மாட்டினேன். வண்டி மறுபடி முழுசாக யோசித்தது. அடுத்து ஆக்சிலேட்டர் பக்கத்துச் சென்சாரை மாற்றினேன். யோசித்தது. புகைக் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரையும் மாற்றினேன். இப்போது இன்னும் ஆழமாக யோசித்தது.

சனிக்கிழமை மதியம், கழற்றிய சென்சார்கள் எல்லாம் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக இருந்தன. ஒன்றுக்கும் ஒரு நோயும் இல்லை. மனைவி அவற்றை ஓரமாகத் தள்ளித் தட்டை வைத்தாள்.

"வண்டி திக்குது. நீங்க திக்குத் தெரியாம நிக்கறீங்க. அண்ணனைக் கூப்பிடட்டுமா?"

ரத்தம் தலைக்கு ஏறியது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன்.

"உங்க அண்ணன் இல்ல, அந்த எஞ்சினைச் செஞ்சவனே வந்தாலும் தொட விடமாட்டேன்! இந்த வீட்டுல இருக்கறவங்கதான் சரி பண்ணணும். சரி பண்றவங்கதான் இனிமே அதை ஓட்டணும். இது சத்தியம்!"

"இந்த வீட்டுல இருக்கறவங்க?"

"ஆமா!"

"சரி பண்றவங்கதான் ஓட்டணும்?"

"ஆமான்னு சொல்றேன்ல!"

"எழுதித் தருவீங்களா?"

எனக்கா பயம்? எழுதினேன். தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். இந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர். ஆவேசத்தில் நான் ஒருவரைத்தான் எண்ணியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு ஷெட்டுக்கு வந்தாள்.

"ஸ்டார்ட் பண்ணுங்க."

பண்ணினேன். எஞ்சின் மேல் குனிந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஸ்ஸ்ஸ்னு கேக்குதா?"

"டர்போன்னா அப்படித்தான் சத்தம் போடும்."

"இது சத்தம் இல்ல, கசிவு. முன்பல் விழுந்த பிள்ளை பேசுற மாதிரி நடுவுல காத்துப் போகுது."

கையை உள்ளே விட்டாள். ஃபில்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயை இறுக்கிப் பிடிக்கும் பட்டை, லொடலொடவென்று ஆடியது. கழற்றியவன் முறுக்க மறந்த பட்டை. கழற்றியவன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று முறுக்கு முறுக்கினாள். ஸ்ஸ்ஸ் நின்றது.

"சென்சார் அளந்த காத்து ஒண்ணு, இந்த ஓட்டை வழியா உள்ளே போற காத்து ஒண்ணு. கணக்குத் தப்பினா பெட்ரோல் பத்தாது. வண்டி திக்காம என்ன பண்ணும்?"

"இது உனக்கு எப்பத் தெரிஞ்சது?"

"திங்கட்கிழமையே தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"நீங்க அப்ப எழுதித் தரலையே."

சாவி கை மாறியது. கொடுக்கும்போது என் கை வலித்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் நான் தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள். ஓட்டுகிறவர் டிரைவர், பின்னால் உட்காருகிறவர்தான் முதலாளி.

"நீ ஓட்டு. நான் பின்னாடி உக்காருறேன்" என்றேன் கம்பீரமாக.

"பின்னாடியா?" என்றவள், மறுபேச்சு இல்லாமல் முன் சீட்டை மடக்கி வழிவிட்டாள்.

அந்தப் பின் சீட் இரண்டு காய்கறிப் பைகளுக்கானது. முட்டி தாடையில் இடித்தது. முன் சீட் 'டக்'கென்று பழைய இடத்துக்கு வந்தது. அப்புறம்தான் உறைத்தது, பின்பக்கம் கதவே கிடையாது.

அவள் ஆக்சிலேட்டரை மிதித்தாள். வண்டி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. வயிறும் எரிந்தது. தெருக்கோடியில் பால் வண்டியை முந்தினாள். இந்த வாரம் முழுக்க நான் காத்திருந்த காட்சி அது. என் பக்கத்திலிருந்து பார்த்தால் சீட்டின் முதுகுதான் தெரிந்தது.

வண்டி நின்றது. "ஏறுங்கண்ணா" என்றாள். மைத்துனர் முன்னால் ஏறி, சீட்டை இன்னும் நான்கு விரல் பின்னால் தள்ளிக்கொண்டார். எனக்கு மிச்சமிருந்த இடமும் போயிற்று.

"வண்டியைத் தொடாதீங்க மச்சான்!" என்று கர்ஜித்தேன். வாய்க்கு முன்னால் முட்டி இருந்ததால் கர்ஜனை வெளியே வரும்போது வேறு மாதிரி ஆகிவிட்டது. விடவில்லை, மறுபடி கர்ஜித்தேன்.

மைத்துனர் காதைச் சாய்த்தார்.

"எஞ்சின் அருமையா இருக்கும்மா. பின்னாடிதான் ஏதோ முனகற சத்தம் வருது. கழட்டிப் பாக்கணுமா?"

"வேண்டாம்ணா" என்றாள் என் மனைவி, கியரை மாற்றிக்கொண்டே. "அது அவரு."