உருகாத திருகாணி

மனிதன் இயந்திரங்களைக் கண்டுபிடித்தது எதற்காக என்று பலருக்குத் தெரியாது. அவை என்றாவது பழசாகும், அப்போது அவற்றைக் காப்பாற்ற ஒரு குழு அமைக்கலாம் என்பதற்காகத்தான். அந்தக் கணக்கில் 'பழைய நீராவி எஞ்சின் மீட்பு மற்றும் பராமரிப்புக் குழு'வை மனித குலத்தின் உச்சம் என்றே சொல்ல வேண்டும். மொத்தம் பதினோரு உறுப்பினர்கள். பதினோரு பேருக்கும் எஞ்சின் என்றால் உயிர். ஆனால் யாரும் அதன் பக்கத்தில் போனதில்லை. சட்டையில் கரி பட்டுவிடும் அல்லவா?

பக்கத்தில் போகிற வேலை பாய்லர் மேஸ்திரிக்கு. ஷெட்டில் அந்த எஞ்சினைப் 'பெரியம்மா' என்பார்கள். எழுப்ப நாலு மணி நேரம் ஆகும், குளிப்பாட்ட மூன்று பேர் வேண்டும், கோபம் வந்தால் ஊருக்கே கேட்கும். முப்பது வருடம் துருவேறிக் கிடந்தவளைச் சுரண்டி, தட்டி, குழாய்களை மாற்றி மூச்சு விட வைத்தவர் மேஸ்திரி. கரி போட்டு நெருப்பையும் தண்ணீரையும் பார்த்துக்கொள்வது அவருடைய மாப்பிள்ளை. மகள் கேட்டாளே என்று வாங்கிக் கொடுத்த வேலை. அது சரியா தப்பா என்று மேஸ்திரி அடிக்கடி யோசிப்பார். மாப்பிள்ளையாயிற்றே, வெளியே சொல்ல மாட்டார்.

பெரியம்மாவின் நெருப்புப் பெட்டிக் கூரையில் ஒரு சின்னப் பித்தளைத் திருகாணி உண்டு. அதன் நடுவே துளை, துளைக்குள் ஈயம். கூரைக்கு மேலே பாய்லரில் தண்ணீர் நிற்கிற வரை ஈயம் பேசாமல் இருக்கும். தண்ணீர் வற்றினால் உருகி வழியும். அந்த ஓட்டை வழியாக நீராவி சீறிக்கொண்டு நெருப்பின் மேல் பாயும். நெருப்பு அடங்கும், ஆட்கள் பிழைப்பார்கள். ஈயம் உருகாவிட்டால் கூரைத் தகடு பழுத்துக் கிழியும். அப்புறம் ஷெட் எங்கே இருந்தது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொடக்க விழாவுக்கு முந்தைய சோதனை ஓட்டங்களில் இந்த ஈயம் இரண்டு தடவை உருகிவிட்டது. இரண்டு தடவையும் மாப்பிள்ளை, தண்ணீர் அளவு காட்டும் கண்ணாடியைப் பார்க்க வேண்டிய நேரத்தில், பெரியம்மாவோடு தன்னைச் சேர்த்து ஃபோனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

குழு அவசரமாகக் கூடியது. பிஸ்கட் வந்தது.

"ஒரே சாமான் ரெண்டு தடவை உருகியிருக்கு. என்ன அர்த்தம்?" என்றார் தலைவர். நாற்பது வருடம் திரைச்சீலை வியாபாரம் செய்தவர். சாயம் போகிற துணியை அவரிடம் யாரும் விற்க முடியாது.

"மட்டமான சரக்குன்னு அர்த்தம்," என்றார் செயலாளர்.

"உருகறதுதாங்க அதோட வேலை," என்றார் மேஸ்திரி.

"உருகறதெல்லாம் ஒரு வேலையாய்யா? மெழுகுவத்திய வச்சா வண்டி ஓட்டறோம்?" தலைவர் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. நெருப்புகிட்டயே நிக்கிறவன் நீதான்."

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். "மாமா சொல்றது பழைய முறைங்க. அந்தத் திருகாணியாலதான் எனக்குக் கெட்ட பேரு."

'ஈயத்தின் தொடர் ஒத்துழையாமையைக் கருத்தில் கொண்டு', துளையில்லாத எஃகுத் திருகாணி ஒன்றைப் பொருத்துவது என ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அதன் தலையில் குழுவின் முத்திரையைச் செதுக்குவது என்ற திருத்தத்துக்கு மட்டும் பலத்த கைதட்டல்.

அன்று சாயங்காலம் மகள் கேட்டாள். "திருகாணிய மாத்தறாங்களாமே? அவரு சந்தோஷமா வந்து சொல்றாரு."

"சொன்னாரா?"

"அவரு கவனம் எனக்குத் தெரியாதாப்பா? பால் பொங்கி வழியறப்ப பக்கத்துல நின்னுகிட்டு, 'இங்க வந்து பாரேன், பொங்குது'ன்னு கூப்பிடறவரு. விழா முடிஞ்சதும் அவரை முழுசா வீட்டுக்கு அனுப்பிடுப்பா. அது போதும்."

மறுநாள் மேஸ்திரி விளக்கோடு நெருப்புப் பெட்டிக்குள் தவழ்ந்து போனார். புதிதாக ஈயம் ஊற்றிய திருகாணியை முடுக்கினார். முத்திரை போட்ட எஃகுத் திருகாணியைத் துணியில் சுற்றித் தன் கருவிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். பதிவேட்டில், 'குழுவின் உத்தரவுப்படி பொருத்தப்பட்டது' என்று எழுதினார். அவர் எழுத்தில் சொன்ன முதல் பொய் அதுதான். உள்ளே தவழ்ந்து போய்ச் சரிபார்க்கிற அளவுக்குக் குழுவில் யாரிடமும் பழைய சட்டை இல்லை.

விழா நாள். எண்ணெய்ச் சட்டைக்காரர்கள் படத்தில் விழக்கூடாது என்று மேஸ்திரியைப் பின்வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். குழு முழுவதும் எஞ்சினை ஒட்டிப் போட்ட மேடையில் இருந்தது. தலைவர் கைதட்டல் வாங்கும்போதெல்லாம் பெரியம்மா விசில் ஊத வேண்டும் என்பது ஏற்பாடு. பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் இன்ஜெக்டரை மட்டும் பேச்சு முடியும் வரை தொடக்கூடாது. அதன் இரைச்சல் சொற்பொழிவின் 'கண்ணியத்தை'க் குலைக்கும்.

இந்தத் தடவை மாப்பிள்ளை கண்ணாடியைப் பார்த்தார். இறங்கி ஓடிவந்து செயலாளரின் காதில் சொன்னார். "ஐயா, தண்ணி அடியில போயிடுச்சு. ஏத்தணும்."

"சத்தம் வருமா?"

"வரும்ங்க."

"இப்பதான் தலைவர் 'மௌனமே நமது மரபு'ங்கற இடத்துக்கு வந்திருக்காரு. பத்து நிமிஷம் பொறு. மறுபடி இறங்கி வந்த, சீட்டைக் கிழிச்சிடுவேன்."

வெளியே மேஸ்திரி விசிலை எண்ணிக்கொண்டிருந்தார். பதினேழு. ஒவ்வொரு விசிலுக்கும் கொஞ்சம் தண்ணீர் ஆவியாகிப் போயிருக்கும். நடுவில் ஒரு தடவைகூட இன்ஜெக்டர் இரையவில்லை.

"உள்ள விடுப்பா," என்றார் காவலாளியிடம்.

"அட்டை இருக்கா?"

"என் மாப்பிள்ளை உள்ள நிக்கறாரு."

"எல்லாருக்கும் யாராவது உள்ள நிக்கறாங்க பெரியவரே. அட்டை இருக்கா?"

பதினெட்டாவது விசில் பாதியில் அறுந்தது. அடுத்து ஒரு நீண்ட சீறல். மேஸ்திரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சீறலை அவருக்குத் தெரியும். அவர் ஊற்றிய ஈயம் அல்லவா?

மேடை வெள்ளைப் புகையில் மறைந்து, கொஞ்ச நேரத்தில் திரும்பக் கிடைத்தது. தலைவரின் தலைமுடி நனைந்து படிந்திருந்தது. நெருப்புக் கதவு சாத்தியிருந்ததால் மாப்பிள்ளைக்கு முகத்தில் கரி மட்டும். பெரியம்மா முணுமுணுத்துக்கொண்டே அடங்கினாள். பேச்சில் மீதி நாற்பது பக்கம் வாசிக்கப்படவில்லை. இழப்பு என்றால் அதுதான்.

குழு மறுபடி கூடியது. மேஸ்திரியின் பெட்டியிலிருந்து கண்டெடுத்த எஃகுத் திருகாணி சாட்சியாக மேஜைக்கு வந்தது.

"பாருங்க," என்றார் தலைவர், அதை இரண்டு கையாலும் ஏந்தி. "இவ்வளவு பெரிய விபத்து நடந்திருக்கு. இது உருகலை. ஒரு கீறல்கூட இல்லை."

பெட்டிக்குள் உறுதியாக இருந்ததற்காக அதற்குப் பாராட்டுத் தீர்மானம் போட்டார்கள்.

மாப்பிள்ளை எழுந்தார். "தண்ணி ஏத்தாம விட்டது நானும் செயலாளரும்ங்க. மாமா பண்ணதாலதான் நான் இங்க நிக்கறேன்."

"உணர்ச்சிவசப்பட்ட சாட்சியம்," என்று செயலாளர் பேனாவை மூடினார்.

மேஸ்திரி மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தார். வேலை வாங்கிக் கொடுத்தது தப்பில்லை என்று அன்றுதான் தீர்மானமாயிற்று.

தலைவர் கேட்டார். "எங்க உத்தரவுப்படி நடந்திருந்தீங்கன்னா இன்னைக்கு இந்த விசாரணை நடந்திருக்குமா?"

"நடந்திருக்காதுங்க," என்றார் மேஸ்திரி. "விசாரிக்க நீங்க யாரும் இருந்திருக்க மாட்டீங்க."

முதல் வாக்கியம் ஒப்புதல் வாக்குமூலமாகப் பதிவாயிற்று. இரண்டாவது வாக்கியம் விசாரணைக்குத் தொடர்பில்லாதது என்று நீக்கப்பட்டது. மேஸ்திரியும் நீக்கப்பட்டார். உத்தரவின் அடியில் பதினோரு பேரும் தயக்கமே இல்லாமல் கையெழுத்துப் போட்டார்கள்.

பதினோரு கைகளும் முழுசாக இருந்தன.