ஒத்துழைப்பை அளக்க வந்தவர்

வேலை செய்கிறவர்கள் ஓர் இனம், செய்யாதவர்கள் ஓர் இனம் என்று நெடுநாளாக நம்பிக்கொண்டிருக்கிறோம். தவறு. மூன்றாவதாக ஒன்று உண்டு. பிறர் கூடிச் செய்கிற வேலையை இரண்டடி தள்ளி நின்று பார்த்து, அதில் அன்பு எத்தனை பங்கு, பழக்கம் எத்தனை பங்கு, நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம் எத்தனை பங்கு என்று அளந்து சொல்கிற இனம் அது. முன்பெல்லாம் இவர்களுக்குக் கண்ணும் வாயும் மட்டும்தான் கருவி. இப்போது கையில் மடிக்கணினி வேறு. கேட்க வேண்டுமா?

அடையாளம் சுலபம். நாலு பேர் சேர்ந்து கிரைண்டர் தூக்குகிற இடத்தில் இவர் கிரைண்டரைப் பார்க்கமாட்டார். தூக்குகிற நாலு பேரையும் ஆகாயத்திலிருந்து பார்த்தால் சதுரமா வட்டமா என்று யோசிப்பார். பந்தியில் பாயசம் தீர்ந்துபோனால் வருத்தப்படமாட்டார். எந்த இலையில் தீர்ந்தது என்று குறித்துக்கொள்வார். எதைப் பார்த்தாலும் இவர் வாயிலிருந்து வருகிற சொல் ஒன்றே ஒன்றுதான். "சுவாரஸ்யம்." பக்கத்து வீட்டில் தீப்பிடித்தாலும் சுவாரஸ்யம்தான். தன் வீட்டில் பிடித்தால் ரொம்ப சுவாரஸ்யம்.

இந்த இனத்தின் சுத்தமான வார்ப்பைப் பார்க்க வேண்டுமானால் பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்து அனந்தைத்தான் பார்க்க வேண்டும். அவர் படித்தது கணினி வழி மானுடவியல். மனிதர்கள் ஏன் ஆடுகிறார்கள், ஏன் கோலம் போடுகிறார்கள், சேர்ந்து ஆடினவர்கள் பிறகு சேர்ந்து வாழ்கிறார்களா என்பதையெல்லாம் மனிதர்களிடம் கேட்காமல் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பது அவருடைய தொழில். ஆரம்பத்தில் கல்பாத்திக் கோலங்களை நாலாயிரம் படம் எடுத்துக் கணினிக்கு ஊட்டி, வளைவு அதிகமுள்ள கோலம் போடுகிற வீட்டில் உறைமோர் கேட்டால் இல்லையென்று சொல்லமாட்டார்கள் என்று நிரூபித்தார். அந்த ஆராய்ச்சிக்கு நடுவில் அவருடைய அம்மா, கையெல்லாம் மாவாக, "டேய் அனந்தா, அந்த பக்கெட்டைக் கொஞ்சம் இப்படி நகத்தேண்டா" என்றாள். அனந்த் இரண்டடி பின்னால் போய் அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

அப்படிப்பட்டவர் போன வருஷம் எருத்தேன்பதிக்கு வந்து சேர்ந்தார். கேரளப் பக்கம், தமிழகத்தைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் விவசாய ஊர். அங்கே கும்மி வாத்தியார் கருப்புசாமி, இருபத்து மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு மாலைதோறும் பஞ்சாயத்து மைதானத்தில் கும்மிப் பயிற்சி நடத்துகிறார். எட்டு வயதுப் பெண்ணிலிருந்து அறுபது வயது விவசாயி வரை ஒரே வட்டத்தில் கையும் காலும் மாற்றி ஆடுகிறார்கள். அரங்கேற்றத்துக்குத் தேதி கொடுத்த ஊர்களே ஏழு. அனந்துக்கு இதைவிட என்ன வேண்டும்? கையசைவை அளக்கும் பட்டைகள் இருபத்து நாலு கொண்டுவந்து, ஒவ்வொருவர் வலது மணிக்கட்டிலும் கட்டச் சொன்னார். ஆடினால் திரையில் பச்சைப் புள்ளி. ஆடாமல் நின்றால் சிவப்பு. எல்லாரும் ஒரே அசைவில் ஆட ஆட ஒருங்கிசைவு எண் பூஜ்யத்திலிருந்து ஒன்றை நோக்கி ஏறும். ஒன்றாக அசைகிறவர்கள் ஒன்றாக உதவுவார்கள் என்பது அவருடைய கோட்பாடு.

சரி, மைதானத்துக்கு வந்து ஆட்டத்தைப் பார்த்தாரா? அதுதான் இல்லை. இரண்டு தெரு தள்ளி மாடியறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு, திரையில் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க தம்பி, இத்தன தூரம் வந்துபோட்டு ஆட்டத்தப் பாக்க வரமாட்டீங்கறீங்களே?" என்று பூவாத்தாள் கேட்டாள். கீழ்வீட்டுக்காரி, அவருக்குச் சாப்பாடு போடுகிறவளும் அவள்தான். பட்டைக் கணக்கில் பதினேழாம் எண்.

"நான் வந்து நின்னா எல்லாரும் எனக்காக ஆடுவா, கேட்டேளா? நான் பாக்காதப்போ எப்படி ஆடறாளோ அதாக்கும் எனக்கு வேணும்."

"அப்ப நீங்க பாக்காம இருக்கறதுக்குத்தான் சம்பளமுங்களா?"

"சுவாரஸ்யம்" என்று அனந்த் குறித்துக்கொண்டார்.

ஆட்டத்தோடு ஒரு கணக்கெடுப்பும் நடத்தினார். 'ஆபத்து வந்தால் யாருக்கு உதவுவீர்கள்?' என்று இருபத்து நாலு பேரையும் கேட்டு, பதிலைக் கோடுகளாக இழுத்தார். திரையில் சிலந்திவலை மாதிரி ஓர் ஊர் உருவாயிற்று. வலைக்கு வெளியே, ஒரு கோடும் தொடாமல், ஒரே ஒரு புள்ளி. அது தனபால். அவரும் கும்மி வட்டத்தில் ஒருவர்தான். வாய்க்கால் தண்ணீர் முறையில் ஊரில் அத்தனை பேரோடும் சண்டை போட்டு முடித்து, ஆள் தீர்ந்துபோனதால் மறுபடி முதலிலிருந்து தொடங்கியவர். கணினி திட்டவட்டமாகச் சொன்னது: இந்தப் புள்ளி விழுந்தால் தூக்க யாரும் வரமாட்டார்கள். அனந்த் அந்தப் புள்ளிக்காக மனமார வருந்தினார். எழுந்து போய் அந்த மனிதரைப் பார்க்க வேண்டுமென்று மட்டும் தோன்றவில்லை.

மூன்றாவது வாரம் எண் சரியத் தொடங்கியது. மாலையானால் ஏழெட்டுப் புள்ளி சிவப்பு. பிறகு பதினைந்து. அனந்துக்குச் சோறு இறங்கவில்லை.

"என்னாச்சுங்க தம்பி? ரசத்துல உப்பு எச்சாங்க?"

"அதொண்ணும் இல்லை. மாசக் கடைசியிலே என் வேலை முடியறது. எங்க டைரக்டர் மேடம் இந்த எண்ணைப் பாத்துத்தான் நீட்டித்துத் தரணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணுவா. எண் இப்படியே இறங்கினா நான் பெட்டியைக் கட்டவேண்டியதாக்கும். ஆறு வருஷத்து வேலை, போயே போச்சு." சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அளக்கிற இனமும் மனித இனம்தானே.

பூவாத்தாள் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

மறுநாள் மாலை திரையில் அதிசயம் நடந்தது. இருபத்து நாலு பச்சை! ஒன்றுகூட சிவப்பில்லை. ஒருங்கிசைவு எண் புள்ளி ஆறிலிருந்து புள்ளி ஒன்பது எட்டுக்குத் தாவியது. அதற்கடுத்த நாளும் அப்படியே. ஒரு கை எழுந்தால் இருபத்து நாலும் எழுந்தன. ஒரு கை தாழ்ந்தால் இருபத்து நாலும் தாழ்ந்தன. அப்படியோர் ஒற்றுமை ஈரேழு உலகத்திலும் நடந்ததில்லை. எறும்புக்கும் தேனீக்கும்கூட அந்த எண் வந்ததில்லை என்று நூலகத்தில் தேடித் தெரிந்துகொண்டார். கண்ணீர் மல்க அறிக்கை எழுதினார். தலைப்பு: 'பூரண ஒருங்கிசைவு: ஓர் எல்லைக் கிராமத்தின் சாட்சியம்.' பாலக்காட்டிலிருந்த மேடம் ராஜஸ்ரீக்கு அனுப்பிவிட்டு, பத்து நாளில் முதல்முறையாக நிம்மதியாகத் தூங்கினார்.

மேடம் பதில் எழுதவில்லை. நேரே வந்தாள். வியாழக்கிழமை மாலை, காரிலிருந்து இறங்கும்போதே அறிக்கையைப் பிரித்து வைத்திருந்தாள்.

"அனந்த், ஆறு மணி பன்னண்டு நிமிஷத்துக்கு இருபத்து நாலு பேரும் ஒரே சமயத்துலே கையைத் தூக்கித் தலையைச் சொறிஞ்சிருக்கா. எட்டு வயசுப் பொண்ணுக்கும் அறுபது வயசுக்காரருக்கும் ஒரே நொடியிலே பேன் கடிக்குமோ?"

"அதுதான் மேடம் ஒருங்கிசைவு!"

"வா, மைதானத்துக்குப் போய்ப் பாப்போம்."

"மேடம், நாம போனா டேட்டா..."

மேடம் அதற்குள் பாதித் தெரு போயிருந்தாள்.

மைதானத்தில் விளக்கு எரிந்தது. ஒலிபெருக்கியில் தாளம் முழங்கியது. நடுவே கருப்புசாமி மட்டும் தன்னந்தனியாக ஆடிக்கொண்டிருந்தார். வலது கையில் மணிக்கட்டிலிருந்து தோள்வரை, வளையல் வியாபாரி தோற்றுப்போகும்படி, இருபத்து நாலு பட்டைகள். கை அந்தப் பாரத்தில் தூண் மாதிரி ஆகியிருந்தது; தூக்கும்போதெல்லாம் முனகினார்.

அனந்தைக் கண்டதும் ஆட்டத்தை நிறுத்தாமலே, "வாங்க தம்பி, வாங்க அம்மிணி! மத்தவங்கெல்லாம் தண்ணி குடிக்கப் போயிருக்கறாங்க" என்றார்.

"இருபத்து மூணு பேருமா?" என்றாள் மேடம்.

"ஆமாங்க. ஒண்ணா ஆடறாங்க, ஒண்ணா தாகம் எடுக்குதுங்க."

அனந்த் வெளிறிப்போனார். "வாத்தியாரே... என்ன பண்ணிருக்கேள்?"

"தப்பு ஒண்ணும் பண்ணலீங்க. வலது கையிலதான் கட்டோணும்னு சொன்னீங்க. அத்தனையும் வலது கையிலதான் கட்டியிருக்கறேன். எடது கையி சும்மாதான் இருக்குது, பாருங்க." வாத்தியாருக்கு இத்தனை நாள் கழித்து இப்போதுதான் மூச்சு விட முடிந்தது. "மத்தவங்க தனபால் தோட்டத்துல தக்காளி பறிக்கறாங்க."

தனபால் பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்து மூன்று வாரமாகியிருந்தது. நாலு ஏக்கர் தக்காளி பழுத்து நின்றது; மழை மூட்டம் வேறு. மேடமும் அனந்தும் போய்ச் சேர்ந்தபோது, தோட்டம் முழுக்கக் கும்மிக்காரர்கள் குனிந்திருந்தார்கள். வேலந்தாவளம் மார்க்கெட்டுக்குப் போகும் வண்டி வருவதற்குள் பெட்டிகள் நிறைய வேண்டும். வரப்பில் பிளாஸ்டிக் நாற்காலியில் மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு தனபால் அத்தனை பேரையும் திட்டிக்கொண்டிருந்தார்.

"பூவாத்தாக்கா, அது தக்காளியா கருங்கல்லாக்கா? இப்படிப் போட்டா சட்னிதான் மார்க்கெட்டுக்குப் போகும்!"

"கால் ஒடஞ்சதுக்குப் பதிலா உன்ற வாய் ஒடஞ்சிருந்தா நாங்க நிம்மதியாப் பறிச்சிருப்போம்" என்றாள் பூவாத்தாள் நிமிராமலே.

அனந்த் மடிக்கணினியைத் திறந்து அந்தக் கோடில்லாத புள்ளியைத் தேடினார். "இவருக்கு உதவுவோம்னு ஒருத்தர்கூடச் சொல்லலையே!"

"சொல்லுவாங்களாங்க?" என்றாள் பூவாத்தாள். "அத்தன சண்டை போட்டிருக்கறோம். ஆனா தினமும் சண்டை போடறவன் மூணு நாள் வரலீன்னா ஊடே வெறிச்சோடிப் போகுதுங்க. என்ற ஊட்டுக்காரரோட பேசினதவிட இவனோட சண்டை போட்டதுதான் எச்சு."

"சரி. பட்டையை ஏன் இப்படி...?" இது மேடம்.

பூவாத்தாள் கையைத் துடைத்துக்கொண்டாள். "அந்தத் தம்பி பாவமுங்க அம்மிணி. செவப்பு லைட்டு எரிஞ்சா மொகம் சுண்டிப்போகுது, சோறு உண்ணமாட்டீங்கறாரு. வேலை போயிருமாமா. இங்க தக்காளியும் போகக்கூடாது, அவரு வேலையும் போகக்கூடாது. என்ன பண்றதுன்னு எல்லாரும் உக்காந்து யோசன பண்ணினோம். வாத்தியார்தான், நாலு பேருக்காக நான் ஆடறேன்னாரு. பேசப் பேசப் பத்து பேராச்சு, அங்கயே எல்லாத்துக்கும்னு முடிவாச்சு."

மேடம் செருப்பைக் கழற்றினாள், புடவையைத் தூக்கிச் செருகினாள், ஒரு கூடையை எடுத்துக்கொண்டு வரிசைக்குள் இறங்கினாள்.

"மேடம்! நாம தொட்டா டேட்டா கெட்டுப்போயிடும்!"

"தொடாட்டா தக்காளி கெட்டுப்போகும். நீ எங்கே நிக்கறாய் அனந்த்?"

அனந்த் வரப்பில் நின்றார். மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். ஊரே சேர்ந்து தனக்காக ஏமாற்றியிருக்கிறது என்ற எண்ணம் ஒரு கணம் அவரைக் காலைத் தூக்கவும் வைத்தது. அதற்குள் மனத்தில் ஒரு தலைப்பு உதித்துவிட்டது: 'கருணையுள்ள கூட்டுப் பொய்: ஒரு முதற்கட்ட ஆய்வு.' தூக்கிய கால் இருந்த இடத்துக்கே திரும்பிற்று. அவர் வாய் தானாக 'சுவாரஸ்யம்' என்று சொல்லத் திறந்தது. மேடம் நிமிர்ந்து பார்த்தாள். அனந்த் அதை விழுங்கினார்.

கடைசிப் பெட்டி வண்டியேறிய பிறகு மேடம் தீர்ப்புச் சொன்னாள். வேலை ஆறு மாதம் நீட்டிப்பு. பழைய அறிக்கை கிழிக்கப்பட வேண்டும். இனிமேல் இருபத்தைந்து பட்டை. இருபத்தைந்தாவது அனந்தின் கையில். "இந்த ஊர் உனக்காக இவ்வளவு பாடுபட்டிருக்கு. அதுலே உன் பங்கு எவ்வளவுன்னும் தெரியட்டுமே." அனந்த் மகிழ்ச்சியில் அங்கேயே பட்டையைக் கட்டிக்கொண்டார்.

ஆறு மாதமும் முடிந்து அறிக்கை வந்தது. அருமையான அறிக்கை. பூவாத்தாளின் கோடு ஒரு பக்கம் வளைகிறது, வாத்தியாருடையது இன்னொரு பக்கம் துள்ளுகிறது. கும்மியில் ஒரு மாதிரி, தக்காளியில் ஒரு மாதிரி, தண்ணீர்ச் சண்டையில் ஒரு மாதிரி. இருபத்து நாலும் இருபத்து நாலு விதமாக அலைபாய்கின்றன. இருபத்தைந்தாவது கோடு மட்டும் அடிக்கோல் வைத்துக் கிழித்ததுபோல் நேராகப் போகிறது. அனந்த் பதறிப்போனார். மின்கலத்தை மாற்றினார். பட்டையைப் பூவாத்தாள் வீட்டு நாயின் கழுத்தில் கட்டிப் பார்த்தார், திரை கொந்தளித்தது. தன் கையில் திரும்பக் கட்டினார், அடங்கிவிட்டது. எத்தனை முறை செய்தாலும் அதேதான். விஞ்ஞானி அல்லவா? ஆதாரத்தின்படி முடிவுக்கு வந்தார். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது: 'இருபத்தைந்தாம் கருவி பழுதுற்றிருந்ததால் கணக்கில் சேர்க்கப்படவில்லை.'

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன மாதம் எதிர்வீட்டில் பீரோ ஏற்றும்போது, மாடியிலிருந்து "கொஞ்சம் இடது பக்கம், கொஞ்சம் இடது பக்கம்" என்று வழி சொன்னது யார்? குடியிருப்பில் தொட்டி கழுவ ஆள் வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது, கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு, எத்தனை பேர் கட்டைவிரல் போட்டார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தது யார்? இந்தக் காலத்தில் யார் யாருக்கு உதவுகிறார்கள் என்று சாய்வு நாற்காலியில் பெருமூச்சு விட்டது யார்? போகட்டும். இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து சமையலறைப் பக்கமிருந்து உங்களை யாரோ கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். "இதோ, ஒரு நிமிஷம்" என்றீர்கள். எத்தனை தடவை கூப்பிட்டார்கள்?

எண்ணிப் பார்க்கிறீர்கள் அல்லவா?

அதுதான். எழுந்து போங்கள்.