பிலவேந்திரன் வாங்கப் போன ஒயர்

பொங்கல் டெஸ்ட் மாட்சை இந்த வருஷம் சேப்பாக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துவிடுவது என்று பிலவேந்திரன் முடிவு செய்துவிட்டான். டிக்கெட் ரெடி. மெட்ராஸில் இருக்கும் சிநேகிதன் தருமன் வாங்கி வைத்திருந்தான். லீவும் ரெடி. ஆரணியில் அவன் வேலை பார்த்த பட்டுப்புடவைக் கடை முதலாளி எப்படியோ தலையாட்டிவிட்டார். பாக்கி ஒரே ஒரு அனுமதிதான். அது அவன் பெண்டாட்டி அமலோற்பவத்திடம் இருந்தது.

மாட்ச் நடக்கிற அதே ஞாயிற்றுக்கிழமை, ஆரணிக்குப் பக்கத்துச் சேத்துப்பட்டில் அவள் அண்ணன் குழந்தைக்கு ஞானஸ்நானம். அங்கே மாப்பிள்ளைக்கு மரியாதை குறையாது. பிரம்பு நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். பக்கத்திலேயே இன்னொரு நாற்காலி போட்டு மாமனாரையும் உட்கார வைப்பார்கள். மாமனாருக்கு எப்போதோ குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. வயிற்றில் முடிந்துவிட்டது, வாயில் இன்னும் முடியவில்லை. மயக்க மருந்து கொடுக்கும் கட்டத்துக்கு அவர் வருவதற்குள் கடைசிப் பந்தியே எழுந்துவிடும். இன்னொரு தடவை அதைக் கேட்டால் தனக்கும் குடல் இறங்கிவிடும் என்று பிலவேந்திரன் மனப்பூர்வமாக நம்பினான்.

மெட்ராஸ் போக ஒரு காரணம் வேண்டும். அது கூடத்து மூலையிலேயே உட்கார்ந்திருந்தது.

பிலவேந்திரன் கோயில் பாட்டுக் குழுவின் கிடார்க்காரன். குழுவுக்காகப் பழசில் வாங்கிய ஆம்ப்ளிஃபயரும், அலமாரி உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டியும் அவன் வீட்டில்தான் கிடந்தன. விற்றவன் இரண்டையும் கொடுத்தானே தவிர, இரண்டையும் இணைக்கும் ஒயரைக் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் கோயில் திருநாள். ஒயர் இல்லாமல் கச்சேரி இல்லை. அந்த ஒயர் மெட்ராஸில்தான் கிடைக்கும். இப்படி நினைக்க நினைக்க அவனுக்கே அது உண்மையாகத் தோன்ற ஆரம்பித்தது.

புதன்கிழமை சாயங்காலம் நாடகத்தை அரங்கேற்றினான். கிடாரை ஆம்ப்ளிஃபயரில் மாட்டுகிற ஒயர் உபரியாக ஒன்று இருந்தது. அதையே ஆம்ப்ளிஃபயருக்கும் பெட்டிக்கும் நடுவில் மாட்டினான். முனை கச்சிதமாகப் பொருந்தியது. வேண்டுமென்றே வெகுநேரம் ஓங்கி ஓங்கி வாசித்தான். பெட்டி ஜலதோஷம் பிடித்தவன் மாதிரி முனகியது. அப்புறம் அமலோற்பவத்தைக் கூப்பிட்டான்.

"அதான் மாட்டிக்கீதே. அப்புறம் இன்னா?" என்றாள் அவள்.

"மாட்டினா ஆச்சா? தொட்டுப் பாரு."

தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

அவ்வளவுதான், பிலவேந்திரனுக்குள் இருந்த சேல்ஸ்மேன் எழுந்துகொண்டான். ஒரு புடவைக்கு வந்தவளை மூன்று புடவையோடு அனுப்பும் வாய் அது. பிளேடால் ஒயரின் தோலைச் சீவிக் காட்டினான்.

"உள்ள பாரு, நூல் மாதிரி ஒத்தக் கம்பி. சுத்தியும் ஜரிகை மாதிரி செப்புப் பின்னல். பளபளன்னு கீதேன்னு மயங்கக் கூடாது. கிடார்லருந்து வர்றது சின்ன சத்தம், அதுல வெளி எரைச்சல் கலக்காம இருக்கத்தான் இந்த ஜரிகை. ஆம்ப்ளிஃபயர்லருந்து பெட்டிக்குப் போறது பலம். நூலு அதைத் தாங்காது. ரெண்டு கம்பி வேணும், ரெண்டும் தடியா."

"எவ்ளோ தடி?"

சுண்டுவிரலை நீட்டினான். "மொத்தமா இவ்ளோ."

"ஜரிகையே வேணாமா?"

"வேணவே வேணாம். கரண்டு தாங்கணும், சூடாவக் கூடாது. ஆரணில அந்த ஒயர் ஏது? மெட்ராஸ் போனாத்தான்."

"சரி, போய்ட்டு வாங்க" என்றாள் அமலோற்பவம்.

அனுமதி இவ்வளவு சல்லிசாகக் கிடைத்ததில் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவள் சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பான். மறுநாள் கடையில் மாம்பழக் கலர் கேட்டவளுக்கு மயில்கழுத்துக் கலரை விரித்தான். வெள்ளிக்கிழமை கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தான். பையைக் கட்டினான், அவிழ்த்தான், மறுபடியும் கட்டினான். அவளோ வழிக்குப் புளிசாதமா, எலுமிச்சைசாதமா என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் ஏதாவது உள்குத்து இருக்குமோ என்று சாயங்காலம் வரை யோசித்தான்.

சனிக்கிழமை காலையில் கிளம்பும்போது சட்டை கசங்கிக் கிடந்தது. இஸ்திரிப் பெட்டியை எடுத்தான். பெட்டி இருந்தது. அதன் ஒயர் இல்லை.

"அமலு, இஸ்திரிப் பெட்டி ஒயர் எங்க?"

"அதோ."

ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கும் நடுவே சுண்டுவிரல் தடிமனில் அது கிடந்தது. ரேடியோ ரிப்பேர் ராஜவேலுவிடம் கொடுத்து இரண்டு முனையிலும் பின் வைத்து வாங்கி வந்திருந்தாள்.

"ரெண்டு கம்பி, தடியா கீது. ஜரிகை இல்ல. கரண்டு தாங்கும்" என்றாள். "நீங்க சொன்னத அப்டியே ராஜவேலு அண்ணன்கிட்ட சொன்னேன். உங்க வீட்டுக்காரரு சரியாத்தான் சொல்லிக்கீறாருன்னாரு."

பெட்டி முனகணும், முனகணும் என்று மாதாவை வேண்டிக்கொண்டு பிலவேந்திரன் கிடார் கம்பியைத் தட்டினான். சமையல்கட்டில் இருந்த எவர்சில்வர் தட்டெல்லாம் சேர்ந்து பாடின.

அவன் லேசில் விடவில்லை. இஸ்திரிப் பெட்டிக்கு இப்போது ஒயர் இல்லையே, அதை மெட்ராஸில் வாங்கி வருகிறேன் என்று ஆரம்பித்தான். பஜாரில் வாங்கி வைத்திருந்த புது ஒயரை அவள் அவன் கையில் வைத்தாள்.

"ஜல்தியா சட்டையத் தேய்ங்க. எங்க அண்ணன் வேன் அனுப்பிக்கீது. ஸ்பீக்கர் பெட்டியையும் ஏத்தணும். நாளைக்கு அங்க நீங்கதான் வாசிக்கிறீங்க."

ஞாயிற்றுக்கிழமை சேத்துப்பட்டில் பிலவேந்திரன் வாசித்தான். எல்லாரும் கைதட்டினார்கள். வாசித்து முடித்ததும் அதே பிரம்பு நாற்காலி. பக்கத்து நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. மாதாவுக்கு இரக்கம் வந்துவிட்டது என்று நினைத்து, பாக்கெட்டில் ஒளித்து வைத்திருந்த டிரான்சிஸ்டரைக் காதில் வைத்தான். சேப்பாக்கத்தில் ஜனங்கள் ஆரவாரம் செய்துகொண்டிருந்தார்கள். ஸ்கோர் சொல்லப் போகிற நேரம்.

அப்போது மச்சான் ஆம்ப்ளிஃபயரில் ஒரு மைக்கை மாட்டினான். மாமனார் எழுந்து வந்து அதைப் பிடித்துக்கொண்டார்.

"வந்த எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பேத்தி ஞானஸ்நானத்தப் பாக்க நான் இன்னிக்கி உசுரோட கீறேன்னா, அது அந்த ஆபரேஷனாலதான். அன்னிக்கிக் காலைல இன்னா ஆச்சுன்னா..."

பந்தல் அதிர்ந்தது. டிரான்சிஸ்டர் காதோடு ஒட்டியே இருந்தும் ஒன்றும் கேட்கவில்லை. பிலவேந்திரன் கடைசி நம்பிக்கையோடு குனிந்து ஒயரைத் தொட்டுப் பார்த்தான்.

சூடே இல்லை.