சேர்வரை அணைக்காமல் நான் செய்த சாதனை

கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன் "ஒரு பிரச்சினையும் இல்லை" என்றால் சற்று விலகி நில்லுங்கள். சொல்பவன் நான் என்றால் பதுளைக்கே பஸ் ஏறிவிடுங்கள்.

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்று. யார் எத்தனை கிலோ கொழுந்து பறித்தார்கள் என்பதைத் தராசு நேராக லினக்ஸ் சேர்வருக்குச் சொல்லும். அந்தக் கணக்கு பக்கத்து அறையிலிருக்கும் நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டியில் போய் உட்காரும். ஒரு பகல், அதற்கு ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டது. தராசு மௌன விரதம். காலை நிறுவைக் கணக்கு முழுவதும் எழுத இடமின்றி சேர்வரின் நினைவில் தொங்கிக்கொண்டிருந்தது. அணைத்தால் அத்தனை பெண்களின் காலை உழைப்பும் ஆவி.

"ஓஃப் பண்ணி ஓன் பண்ணுவமா?" என்றார் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் செல்வராஜ்.

"ஐயோ, கணக்கு போயிருங்க. ஓடிக்கிட்டு இருக்கும்போதே பெருசாக்குறேன், பாருங்க!" (எவ்வளவு திமிர்!)

பெட்டியில் இடத்தை இரட்டிப்பாக்கினேன். மறுபடி பார்க்கும்படி சேர்வருக்கு உத்தரவிட்டேன். எவ்வளவு இடம் என்று கேட்டேன். பழைய அளவு! மாதாவை வேண்டிக்கொண்டு இன்னும் இரட்டிப்பாக்கினேன். பழைய அளவே.

கொழுந்துச் சாக்குடன் வரிசையில் நின்ற மேரியக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "என்னாங்க சார், கொள்ளலயா? நாங்கன்னா ரெண்டு மிதி மிதிச்சி அமுக்கிருவோம்."

வரிசையே சிரித்தது. நான் பெட்டியில் மிச்சமிருந்த அத்தனை இடத்தையும் அள்ளிக் கொடுத்தேன். அதே பழைய அளவு!

முகம் கழுவப் போன இடத்தில்தான் உறைத்தது. நிலத்தை மூன்று முறை வாங்கினேனே தவிர, வேலியைத் தள்ளிப் போடவே இல்லை. கோப்பு அமைப்பை நீட்டும் கடைசிக் கட்டளையை மறந்தே போயிருந்தேன் (நிபுணராம்!). ஓடிவந்து கொடுத்தேன். நொடியில் நீண்டது. காலைக் கணக்கு ஒரு கிராம் குறையாமல் பதிவானது.

"ரீபூட் பண்ணவே இல்ல, பாத்தீங்களா?" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

"அது சரிங்க," என்றார் செல்வராஜ், பெட்டியின் திரையைப் பார்த்தபடி. "தொர கேமராவுக்குன்னு வச்சிருந்த எடம் எங்க?"

கொடுத்த இடத்தைப் பெருக்கலாம், திரும்பச் சுருக்க முடியாது என்ற ரகம் அந்தக் கோப்பு அமைப்பு. தோட்ட மேலாளரான துரையின் கேமராக்கள் இன்றும் அட்டைப்பெட்டிக்குள் தூங்குகின்றன. கொழுந்துக் கணக்குக்கு மட்டும் மேரியக்காவின் கொள்ளுப்பேத்திகள் பறிக்கப்போவதற்கும் சேர்த்து இடம் இருக்கிறது.

இதை வீட்டில் சொன்னது அதைவிடப் பெரிய முட்டாள்தனம். இப்போது சோற்றுக்கு நான் தட்டை நீட்டினால் போதும், விருந்தாளிகள் முன்னாலேயே என் மனைவி ரீட்டா அகப்பையை உயர்த்திப் பிடித்துக்கொள்வாள்.

"மொதல்ல போட்டது வந்து சேந்திருச்சாங்க? பாத்துட்டுக் கேளுங்க. பொறகு திருப்பி எடுக்க ஏலாது."