பூஜ்யத்துக்குக் கிடைத்த பசுமை விருது

மின்தூக்கிப் பழுது நிவாரண வாரியம் ஃபேரர் பார்க்கில் ஓர் உயரமான கட்டடத்தில் இயங்கிவந்தது. தீவில் எந்த அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் நின்றாலும் புகார் அங்கேதான் போய்ச் சேரும். சேர்ந்த புகாருக்கு ஓர் எண் கிடைக்கும். எண் கிடைத்தவர்கள் நிம்மதியாகப் படியேறுவார்கள்.

இப்படி அமைதியாக நடந்துகொண்டிருந்த வாரியத்துக்குப் பசுமைப் பைத்தியம் பிடித்தது, துணை இயக்குநர் பசுபதி ஒரு மாநாட்டுக்குப் போய்வந்த பிறகுதான். வாரியத்தின் ஒவ்வொரு கணினியும் எவ்வளவு மின்சாரம் உறிஞ்சுகிறது என்பதை லாபியில் ஒரு பெரிய திரையில் காட்ட வேண்டும் என்று அவர் ஆணையிட்டார்.

புதிய கணினிகள் சமர்த்தாகச் சொல்லிவிட்டன. அவற்றின் பிராசசருக்குள்ளேயே மின்சாரத்தை அளக்கும் கவுண்டர் உண்டு. பழைய கணினிகளில் அது கிடையாது. திரை போய்க் கேட்டதும் அவை பதில் தெரியாமல் திணறி, அணைந்து, மறுபடி எழுந்தன. எழுந்ததும் திரை மறுபடி கேட்டது.

"இல்லாததைக் கேட்டுக்கிட்டே இருந்தா அதுங்க என்னதான் செய்யும் லா?" என்றார் கணினி அறையைப் பார்த்துக்கொண்ட ரவூப்.

சரிசெய்யும் பொறுப்பு வினுஷாவுக்கு வந்தது. பொங்கோலில் இருந்து தினமும் ரயிலேறி வரும் பொறியாளர் அவள். கணினிக்கு உள்ளே இருந்துகொண்டு, எந்த மென்பொருள் எதைக் கேட்டாலும் 'இருக்கு', 'இல்லை' என்று பதில் சொல்லும் கெர்னல் என்ற பகுதி அவளுடைய பொறுப்பு. கவுண்டர் இருக்கிறதா என்று முதலில் பார், இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இரு என்று அவள் கெர்னலுக்குக் கற்றுக்கொடுத்தாள். பழைய கணினிகள் நிம்மதியாக ஓடின. திரையில் அவற்றின் பெயருக்கு எதிரே மட்டும் கட்டங்கள் காலியாக நின்றன.

பசுபதி திரைக்கு முன்னால் நின்று அவளைக் கூப்பிட்டார்.

"இது ஏன் காலியா இருக்கு?"

"அந்த மெஷின்ல கவுண்டர் இல்லை சார். எவ்வளவு கரண்ட் எடுக்குதுன்னு தெரியாது."

"தெரியாதுன்னா?"

"தெரியாதுன்னா, தெரியாது சார்."

"வினுஷா, இது லாபி. வாரியத்துக்கு ஒரு விஷயம் தெரியாதுன்னு லாபியில போட முடியாது. ஜீரோ போடுங்க."

"ஜீரோன்னா கரண்டே எடுக்கலைன்னு அர்த்தமாயிடும் சார்."

"எடுக்குதுன்னு நிரூபிக்க முடியுமா?"

"பிளக் மாட்டியிருக்கு சார்."

"அளவு இருக்கா?"

அளவு இல்லை. ஆனாலும் அவள் விடவில்லை. "கெர்னல்ல பொய் எழுத மாட்டேன் சார்."

பசுபதிக்குக் கோபம் வரவில்லை. "கெர்னல் தாராளமா உண்மையே சொல்லட்டும். உள்ளே போய் யாரு பார்க்கப் போறாங்க? ஸ்கிரீனுக்கு வேற ஆள் இருக்காங்க, அவங்க போட்டுக்குவாங்க."

மறுநாள் காலிக் கட்டங்களில் எல்லாம் பூஜ்யம் இருந்தது.

மாதாந்திரக் கூட்டத்தில் திரை ஆழ்ந்து பரிசீலிக்கப்பட்டது. மிகச் சிக்கனமானவை பழைய கணினிகள் என்பதும், புதியவை மின்சாரத்தை வாரி இறைக்கின்றன என்பதும் ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தது. வேலை முழுவதும் பழையவற்றுக்கு மாற்றப்பட்டது. உண்மையைச் சொன்ன புதிய கணினிகள் கழற்றி ஓரமாக வைக்கப்பட்டன. இன்னும் பழையது வாங்கிவர ரவூப் பழைய சாமான் கடைகளுக்கு அனுப்பப்பட்டார்.

"இதுல கவுண்டர் இருக்கா?" என்று அவர் கேட்பார்.

"இல்லைண்ணே, ரொம்பப் பழசு," என்று கடைக்காரர் தயங்குவார்.

"அப்ப எல்லாத்தையும் ஏத்துங்க."

கணினி அறை கொதித்தது. கூடுதலாக ஏர்கான் மாட்டினார்கள். ஏர்கானிலும் கவுண்டர் இல்லாததால் அதற்கும் பூஜ்யம். கட்டடத்தின் மின்மீட்டர் வேறு ஏதோ சொன்னது. அது லாபித் திரையோடு இணைக்கப்படாத காரணத்தால், அதன் கருத்து ஏற்கப்படவில்லை.

கிழட்டுக் கணினிகளால் இவ்வளவு வேலையைத் தாங்க முடியவில்லை. பாதிப் புகார்கள் உள்ளே வராமலே தொலைந்தன. வந்து சேர்ந்த புகார்களை மட்டும் எண்ணி, தீவில் லிஃப்ட் பழுது பாதியாகக் குறைந்துவிட்டதாகத் திரை அறிவித்தது.

ஒருநாள் வினுஷாவின் மேசைக்கு ஒரு போன் வந்தது.

"ஈசூன்லேர்ந்து லீலா பேசறேன்மா. எங்க புளோக்ல லிஃப்ட் நின்னு ஒரு வாரம் ஆகுது. வீட்டுக்காரர் வீல்சேர்ல இருக்கார். ரெண்டு தடவை டயாலிசிஸ்க்கு, பக்கத்து வீட்டுப் பசங்கதான் நாற்காலியோட தூக்கிட்டு இறங்கினாங்க. நாளைக்கு மறுபடி போகணும். உங்க ஆப்ல போட்டா சுத்திக்கிட்டே இருக்கு."

வினுஷா பார்த்தாள். அந்த புளோக்கிலிருந்து ஒரு புகாரும் வந்திருக்கவில்லை. லைனைக் காத்திருப்பில் போட்டுவிட்டுப் பசுபதியிடம் ஓடினாள்.

"அங்க புகாரே இல்லைன்னு ஸ்கிரீன் சொல்லுதே," என்றார் அவர்.

"அவங்க போன்ல இருக்காங்க சார்."

"போன்ல இருந்தா அது போன்கால். புகார் ஆப்ல வரணும்."

வினுஷா நேரே ரவூப்பிடம் போனாள். அவர் தனக்குத் தெரிந்த லிஃப்ட் மெக்கானிக்கை உடனே ஈசூனுக்கு அனுப்பினார். அன்று சாயங்காலமே லிஃப்ட் ஓடியது. லீலா மறுபடி கூப்பிட்டு அழுதுகொண்டே நன்றி சொன்னார். பழுதே ஏற்பட்டிராத காரணத்தால், அது சரிசெய்யப்பட்டதற்கும் எந்தப் பதிவும் இல்லை.

வாரியத்துக்குப் பசுமை விருது அறிவிக்கப்பட்டது. விழா மேல்மாடிக் கூடத்தில். லாபித் திரையைப் போலவே ஒன்றை, பேட்டரியில் ஓடுமாறு, மேடையில் வைத்திருந்தார்கள். பசுபதி பேசிக்கொண்டிருக்கும்போதே கணினி அறையில் சூடு எல்லை தாண்டி, கட்டடம் முழுவதும் மின்சாரம் போனது. விளக்கு, ஏர்கான், ஒலிபெருக்கி எல்லாம் அடங்கின. திரை மட்டும் ஒளிர்ந்தது. அதில் மேலிருந்து கீழ்வரை பூஜ்யம்.

பசுபதி ஒரு கணம்தான் தடுமாறினார்.

"இதுதான் நம்ம இலக்கு," என்றார், சன்னல் வெளிச்சத்தில் நின்றுகொண்டு.

விருந்தினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். வினுஷா பக்கத்திலிருந்த ரவூப்பைப் பார்த்தாள். அவரும் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு எல்லாரும் விருதோடும் வியர்வையோடும் படியிறங்கினார்கள்.

அதற்கடுத்த வாரம் ஊழியர் கருத்தாய்வு வந்தது. குறை இருந்தால் பெயரில்லாமல் எழுதலாம் என்றார்கள். வினுஷா பழைய கணினி, தொலைந்த புகார்கள், லீலாவின் கணவர் என்று எல்லாவற்றையும் எழுதினாள். படித்துப் பார்த்தாள். கெர்னல் பற்றி இவ்வளவு விவரமாக எழுதக்கூடியவர் வாரியத்தில் ஒரே ஆள்தான். அவளுடைய வேலை நிரந்தரமாகப் பசுபதியின் கையெழுத்து இன்னும் விழவில்லை. எழுதியதை அழித்துவிட்டுக் காலியாகவே மூடினாள்.

"நீங்க எழுதினீங்களாண்ணே?" என்று கோப்பிக்கடையில் ரவூப்பைக் கேட்டாள்.

"நீ எப்படியும் எழுதுவேன்னு நான் விட்டுட்டேன்," என்றார் அவர்.

மற்ற ஊழியர்களும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை லாபித் திரையில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. ஊழியர் குறைகள்: 0.