நேரம் இருப்பின்

ஒரு பாடகியின் பாட்டில் ஒரு வரிகூடக் காதில் விழாமலேயே, அவரை முழுமனதோடு நான்கு மணி நேரம் விழா எடுத்துப் பாராட்டிய பெருமை இந்தியாவிலேயே எங்கள் மேற்கு தில்லி முத்தமிழ்ப் பேரவைக்குத்தான் உண்டு. கேட்டுவிட்டுப் பாராட்டுவது யாராலும் முடியும். கேட்காமல் பாராட்டத்தான் பரந்த மனம் வேண்டும். பேரவையின் பொதுச் செயலாளரான நான், அய்யாசாமி, இதை மிகுந்த அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

பாடகியின் பெயர் ஜெனி. ஜனக்புரியில் பிறந்து வளர்ந்த பெண். வயது இருபத்தெட்டு. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே கிடார் வாசித்துப் பாடுவார். எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்துவிட்டால் குழு, கமிட்டி இவற்றுக்கெல்லாம் என்ன மரியாதை என்று எனக்கு முதலில் கொஞ்சம் கசப்பாகத்தான் இருந்தது. பத்து வருடமாகப் பக்கத்துத் தெருவிலேயே பாடிக்கொண்டிருந்த பெண்ணை நாங்கள் கவனிக்கவில்லை என்று சிலர் பேசுகிறார்கள். அபாண்டம்! ஓர் இங்கிலீஷ் பேப்பரில் அவர் படம் அரைப் பக்கத்துக்கு வந்த அன்று, காலை எட்டு மணிக்கே கவனித்துவிட்டோம். பத்து மணிக்கு அவசரச் செயற்குழு கூடிவிட்டது.

'ப்ளூஸ், ஃபோக், சோல் மூன்றையும் கலந்து பாடும் இண்டிபெண்டென்ட் பாடகி' என்று பேப்பரில் போட்டிருந்தது.

"இண்டிபெண்டென்ட்னா என்ன சார்?" என்றார் துணைத் தலைவர் பிரதீப்.

"சுயேச்சை" என்றார் தலைவர் சேஷன். மத்திய அரசில் இணைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வாயைத் திறந்தால் அது அரசாணை.

"அப்போ பின்னால ஆள்பலம் ஒண்ணும் கிடையாதா?"

"கிடையாது. அதனாலதான் நாம ஆதரவு குடுக்கணும்கறேன்."

"இந்த ப்ளூஸ்?"

"அது சோகம் ஓய். அமெரிக்காவில கஷ்டப்பட்டவா பாடினது."

"நம்ம விழாவுல சோகமா? சாப்பாடு வேற போடறோமே சார்."

"சோல்னு ஒண்ணு இருக்கே, கவனிக்கலையா? சோல்னா ஆன்மா. ஆன்மிகம் வந்துடறதோல்லியோ, சரியாப் போயிடும்."

'சுயேச்சைப் பாடகி செல்வி ஜெனி அவர்களுக்குப் பாராட்டு விழா' என்று பேனர் அச்சானது. அதில் தலைவர் முழு உருவத்தில் நின்றார், நான் இடுப்பு வரை இருந்தேன், ஜெனி பாஸ்போர்ட் அளவில் ஒரு மூலையில் இருந்தார். அவர் அடக்கமான பெண்.

விழாவுக்கு நான்கு நாள் முன்னால் ஜெனி என் வீட்டுக்கு வந்தார்.

"அங்கிள், எனக்கு ஷால் எல்லாம் வேண்டாம். ஒரே ஒரு பாட்டு பாடணும். ஆறு நிமிஷம். பஸ், அவ்ளோதான்."

"பாட்டா?" என்றேன். பாராட்டு விழாவில் இப்படி ஒரு கோரிக்கை வருவது பேரவை வரலாற்றில் அதுவே முதல் தடவை.

விஷயம் இதுதான். ஜெனியின் அம்மா இருதயம்மாள் தூத்துக்குடிக்காரர். முப்பத்துநாலு வருடம் தில்லியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் பாடுகிற இடமெல்லாம் ஹோட்டலும் பாரும். அந்த வாசலை அவர் மிதிக்க மாட்டார். ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மகளுக்கு நிரந்தர வேலை பார்த்து வைத்திருக்கிறார். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். "வீட்டுல நீ பாடுததைக் கேட்டு என்ன செய்ய? நல்ல சனம் நாலு பேரு உக்காந்து உன் பாட்டைக் கேக்கதை நான் கண்ணால பாக்கணும். பாத்துட்டேன்னா உன் இஷ்டப்படி இரு. இல்லையா, ஊருக்குக் கிளம்பு" என்று சொல்லிவிட்டாராம். மகளும் சம்மதித்துவிட்டாராம்.

"நாலு பேர்தானே? இருநூறு பேர் வராங்கம்மா!" என்றேன்.

"தேங்க்யூ அங்கிள். அம்மாவுக்குன்னே எழுதின பாட்டு. நைட் ட்யூட்டி முடிஞ்சு வந்து, யூனிஃபார்ம் கூட மாத்தாம, எனக்கு டிஃபன் கட்டிக் குடுப்பாங்க. அதைப் பத்தி."

நெகிழ்ந்துபோனேன். 'டிஃபன் - சமையல்காரரிடம் பேசவும்' என்று டைரியில் உடனே குறித்துக்கொண்டேன்.

நிகழ்ச்சி நிரலில் பதினெட்டாவதாக, கடைசிக்கு முந்தைய வரியில், 'செல்வி ஜெனி பாடுவார்' என்று சேர்த்தேன். தலைவர் பேனாவைத் திறந்து பக்கத்தில் 'நேரம் இருப்பின்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பெயர்தான் நிர்வாக அனுபவம்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குக் கரோல் பாக்கில் ஹால் நிறைந்துவிட்டது. ஒன்பது மணிக்கு ஹாலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஐந்து மணிக்கு வர வேண்டிய சிறப்பு விருந்தினர் ஆறே முக்காலுக்கு வந்தார். அதற்கு நடுவில் ஜெனி கிடாரோடு என்னிடம் வந்து ஒன்று கேட்டார் பாருங்கள், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அங்கிள், அவர் வர வரைக்கும் நான் பாடிடட்டுமா? எல்லாரும் சும்மாதானே உக்காந்திருக்காங்க."

"சும்மாவா? நாங்க காத்துக்கிட்டிருக்கோம்மா!"

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. சிறப்பு விருந்தினர் வருவதற்கு முன்னால் விழாவில் ஏதாவது நல்லது நடந்துவிட்டால் அவர் மனம் என்ன பாடுபடும்? இருநூறு பேரும் ஒன்றே முக்கால் மணி நேரம் காலி மேடையை இமைக்காமல் பார்த்துக்கொண்டு இருந்தோம். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த இருதயம்மாளை மட்டும் ஐந்தாவது வரிசைக்கு மாற்ற நேர்ந்தது. சிறப்பு விருந்தினரின் மைத்துனர் குடும்பத்தோடு வந்திருந்தார்.

பிறகு பேச ஆரம்பித்தோம். என் மனைவி ஜெயலட்சுமி, மகளிர் அணித் தலைவி, "ஜெனியின் பாடல்களில் எனக்கு மிகவும் பிடித்தது" என்று தொடங்கி, மேலே பார்த்து, கீழே பார்த்து, "எல்லாமே" என்று முடித்தாள். கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று. காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர் தொண்டைக்குள் குரல் எப்படி உண்டாகிறது என்று படம் போட்டு விளக்கினார். பிரதீப் தலைவரைப் பாராட்டினார். தலைவர் சிறப்பு விருந்தினரைப் பாராட்டினார். சிறப்பு விருந்தினர் தானும் சின்ன வயதில் பாடியிருக்க வேண்டியவர் என்றும், நாட்டுக்காக அதைத் தியாகம் செய்தார் என்றும் நாற்பது நிமிடம் சொன்னார். நடுநடுவே பொன்னாடை. பதினாலு பொன்னாடை. கடைசியில் ஜெனியின் மூக்குக் கண்ணாடியும் கிடாரின் நுனியும் மட்டுமே வெளியே தெரிந்தன.

எட்டு ஐம்பத்திரண்டுக்குத் தலைவர் மைக்கை விட்டார். ஜெனி பொன்னாடைகளை ஒவ்வொன்றாக உருவிவிட்டுக் கிடாரை எடுத்தார். நான் மைக்கைப் பிடித்தேன்.

"இப்போது செல்வி ஜெனி பாடுவார். கீழ்த்தளத்தில் சாம்பார் சாதம், தயிர் சாதம் தயார். தாமதித்தால் அப்பளம் நமுத்துவிடும் என்பதை அன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

அவர் சுருதி பார்த்து முடிப்பதற்குள் இருநூறு பேரும் படியில் இருந்தார்கள். அப்படி ஒரு கட்டுப்பாடு! இருதயம்மாள் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஜெயலட்சுமி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

"வாங்கம்மா, முதல் இலை உங்களுக்குத்தான்."

"இருங்கம்மா, எம்மவ பாடுதா."

"அவ பாடிட்டுதானே இருப்பா? எங்க போகப்போறா? ஜல்தி வாங்க!"

திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார் அந்த அம்மாள். மகளைப் பெற்றதற்காக அவருக்கு நாங்கள் செய்த கௌரவம் அது.

ஜெனி நிறுத்தவில்லை. காலி நாற்காலிகளைப் பார்த்து ஆறு நிமிடமும் பாடினாராம். கேட்டது ஒரே ஆள், மைக் போடுகிற இஸ்மாயில். நாற்காலி மடக்குவதும் அவர் வேலைதான்; மடக்காமல் நின்றுவிட்டார் போலிருக்கிறது. பிறகு என்னிடம், "பாபுஜி, ஸம்ஜா குச் நஹீ, லேகின் அம்மீ யாத் ஆ கயீ" என்றார். பாஷை புரியவில்லையாம், ஆனால் அம்மா ஞாபகம் வந்துவிட்டதாம். அவர் ஹால் ஊழியர். பார்வையாளராகச் சேர்த்துக்கொள்ளப் பேரவை விதிகளில் இடமில்லை.

கீழே, நான் தயிர் சாதக் கரண்டியோடு இருதயம்மாள் முன்னால் போனேன். இலையைத் தொட்டிருக்கவில்லை.

"எம்மவ நல்லாப் பாடினாளாய்யா?"

"பிரமாதம்மா! உருக்கிட்டா!"

"நீங்க கேட்டீங்களா?"

"நான் இங்க பரிமாறிக்கிட்டிருந்தேன். தலைவர் ரொம்பச் சிலாகிச்சார்."

"அவரு எனக்குப் பக்கத்துலதான் உக்காந்து ரெண்டாந்தரம் சாம்பார் கேட்டுட்டு இருக்காரு." அந்த அம்மாள் குரலை உயர்த்தவே இல்லை. "எத்தனை பேரு பேசினீங்க. குயிலுன்னீங்க, முத்துன்னீங்க. பச்சப்புள்ள கணக்கா நம்பிட்டு உக்காந்திருந்தேன். நாலு பேரு கேக்கதைப் பாக்கணும்னுதான்யா வந்தேன். நல்ல சனம் நீங்களே கேக்கலன்னா, இவ யாருக்குப் பாட?"

"அப்பளம்?" என்றேன்.

திங்கட்கிழமை காலை தூத்துக்குடிப் பள்ளிக்கூடத்துக்குச் சம்மதம் போய்விட்டது. வழியனுப்பு விழா நடத்துவதாக ஜெனியிடம் சொன்னேன். கண் கலங்கிவிட்டது அந்தப் பெண்ணுக்கு. "நஹீ அங்கிள், ப்ளீஸ், வேண்டாம்" என்று இரண்டு கையையும் கூப்பினார்.

ஆனால் பேரவை ஓயாது. தலைநகரில் நம் பிள்ளைகள் ஏன் மேடையேற முன்வருவதில்லை என்ற கவலை எங்களை அரித்துக்கொண்டே இருக்கிறது. அதற்காக அடுத்த மாதம் ஒரு முழுநாள் கருத்தரங்கம். தலைவர் சேஷன், சிறப்பு விருந்தினர், துணைத் தலைவர், டாக்டர், ஜெயலட்சுமி, நான் என்று பதினாறு பேர் பேசுகிறோம். இந்த நிலைமைக்குக் காரணம் யார் என்று நீங்கள் நேரில் வந்தே தெரிந்துகொள்ளலாம். எல்லோரும் மேடையில்தான் உட்கார்ந்திருப்போம்.